அடிக்கட்டையின் கணக்கு: செம்பனைப் பூஞ்சையின் பரிணாமத் தகுதியை அளப்பது எப்படி?

மலேசியாவின் யோங் பெங்கிலிருந்து லாபிஸ் பக்கம் போனாலும் குளுவாங் பக்கம் போனாலும் சாலையின் இரு புறமும் செம்பனைதான். ஒரு காலத்தில் பால்மரம் நின்ற மேடுகளில் இன்று செம்பனை நிற்கிறது. பல இடங்களில் முதல் நடவு முடிந்து, இரண்டாம் மூன்றாம் தலைமுறை மரங்கள் வளர்கின்றன. வரிசையில் நடந்தால் சில மரங்கள் கண்ணில் உறுத்தும். குருத்துகள் விரியாமல் மூன்று நான்காக ஈட்டிபோல் நிமிர்ந்து நிற்கும். கீழ்மட்டைகள் ஒடிந்து தண்டைச் சுற்றிப் பாவாடைபோல் தொங்கும். குனிந்து அடித்தண்டைப் பார்த்தால் செம்பழுப்பு நிறத்தில், மேலே மெருகும் ஓரத்தில் வெள்ளைக் கரையுமாக ஒரு மரக்காளான் ஒட்டியிருக்கும். அது கானோடெர்மா போனினென்ஸ். செம்பனையின் அடித்தண்டழுகல் நோய்க்குக் காரணமான பூஞ்சை. காளான் வெளியே தெரியும் நாளில் அடித்தண்டின் உட்பகுதி பெருமளவு அழுகிப் போயிருக்கும்.

மலாயாவில் இந்த நோய் 1930களின் தொடக்கத்தில் பதிவானது. அப்போது அது 25 வயதைத் தாண்டிய கிழட்டு மரங்களின் நோயாகவே கருதப்பட்டது. 1960களுக்குள் நிலை மாறிவிட்டது. மறுநடவு செய்த தோட்டங்களில், குறிப்பாக முன்பு தென்னை இருந்த நிலங்களில், 10, 15 வயது மரங்களும் விழத் தொடங்கின. இன்று அதைவிட இளைய மரங்களிலும் நோய் தெரிகிறது. ஏறத்தாழ நூறாண்டுக்குள் ஒரு பூஞ்சை இவ்வளவு முன்னேறியது எப்படி? பூஞ்சை மாறியதா, அல்லது அதற்கு நாம் அமைத்துக் கொடுத்த வாழ்விடம் மாறியதா? இதற்கு விடை தேடுகிறவர் முதலில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு பூஞ்சையின் பரிணாமத் தகுதியை ஆய்வகத்தில் எப்படி அளப்பது?

தகுதி என்பது வலிமை அல்ல

பரிணாமவியலில் தகுதி என்றால் உடல் வலிமையோ முரட்டுத்தனமோ அல்ல. அடுத்த தலைமுறையில் ஓர் உயிர் எத்தனை வாரிசுகளை விட்டுச் செல்கிறது என்பதே தகுதி. அதுவும் தனி எண்ணாகப் பொருள் தராது. அதே இடத்தில் வாழும் மற்றொரு வகையோடு ஒப்பிடும்போதுதான் பொருள் தரும். இந்தக் கருத்தை 1920களிலும் 1930களிலும் கணிதமாக்கியவர்களில் ஆர்.ஏ. ஃபிஷரும் ஜே.பி.எஸ். ஹால்டேனும் முக்கியமானவர்கள்.

பாக்டீரியாவில் இந்தக் கணக்கு எளிது. ரிச்சர்ட் லென்ஸ்கி 1988 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஈ. கோலை பாக்டீரியாவை 12 குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார். ஒவ்வொரு நாளும் நூற்றில் ஒரு பங்கைப் புதிய குடுவைக்கு மாற்றினார். உறையவைத்துக் காத்த மூதாதையையும் பரிணமித்த வழித்தோன்றலையும் ஒரே குடுவையில் போட்டியிடவிட்டு, எது எவ்வளவு பெருகியது என்று எண்ணினார். இரண்டின் பெருக்க வேகங்களுக்கு இடையிலான விகிதமே ஒப்பீட்டுத் தகுதி. 50,000 தலைமுறைகளுக்குப் பின் வழித்தோன்றல்கள் மூதாதையைவிடச் சுமார் 70 விழுக்காடு வேகமாகப் பெருகின. ஒற்றைச் செல்லாக வாழும் ஈஸ்ட் பூஞ்சையிலும் இதே முறையைப் பெரும்பாலும் கையாளலாம்.

இழையாக வளரும் பூஞ்சையிடம் வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு பூஞ்சை எங்கே முடிகிறது?

வாரிசுகளை எண்ண வேண்டுமானால் முதலில் ஆளை எண்ணத் தெரிய வேண்டும். ஒரு கோழியை எண்ணலாம், ஒரு நெற்பயிரை எண்ணலாம். மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் பரவிக் கிடக்கும் இழைவலையை எப்படி எண்ணுவது? அதைத் துண்டித்தால் இரண்டு துண்டும் வாழும். ஒரே மரபுடைய இரண்டு துண்டுகள் சந்தித்தால் மறுபடி இணைந்து ஒன்றாகிவிடும். அமெரிக்காவின் மிச்சிகன் காட்டில் ஓர் ஆர்மில்லாரியா பூஞ்சை 15 ஹெக்டேர் பரப்பில் ஒரே உயிராகப் படர்ந்திருப்பதை 1992இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அந்த உயிரின் ‘தலைமுறை’ எது?

செம்பனைக்கு வருவோம். ஒரு தோட்டத்தில் அடுத்தடுத்த இரண்டு மரங்கள் நோயில் விழுந்தால், வேரோடு வேர் தொட்டு ஒரே பூஞ்சை பரவியது என்றுதான் நீண்ட காலம் நம்பினார்கள். 1990களில் மலேசியத் தோட்டங்களில் மரபணுச் சோதனையும் இழைப்பொருத்தச் சோதனையும் செய்தபோது படம் மாறியது. இழைப்பொருத்தச் சோதனை எளிமையானது. இரண்டு மரங்களிலிருந்து எடுத்த பூஞ்சைகளை ஒரே தட்டில் எதிரெதிரே வளர்க்க வேண்டும். ஒரே ஆளானால் இழைகள் தடையில்லாமல் கலக்கும். வேறு ஆட்களானால் நடுவில் எல்லைக்கோடு விழும். பக்கத்துப் பக்கத்து மரங்களில் இருந்தவை பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள் என்று அந்தக் கோடுகள் காட்டின. ஆக, பூஞ்சை வேர் வழியே மட்டும் பரவவில்லை. காற்றில் பறக்கும் வித்துகளுக்கும் இதில் பங்கு உண்டு.

இந்தக் கண்டுபிடிப்பு அளவீட்டையே மாற்றுகிறது. கானோடெர்மாவுக்கு இரண்டு வகை வாரிசுகள் உண்டு என்று ஆகிறது. ஒன்று, அடிக்கட்டையிலிருந்து அடுத்த வேருக்குப் படரும் இழை. மற்றொன்று, காளானிலிருந்து உதிரும் வித்து. அதே இனக்குழுவைச் சேர்ந்த கானோடெர்மா அப்ளனாட்டம் காளான் ஒன்றே ஒரு நாளில் சுமார் 3,000 கோடி வித்துகளை உதிர்க்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் ஏறக்குறைய எல்லாமே வீணாகின்றன. முளைத்த இழையும் பொருந்தும் வேறோர் இழையைச் சந்தித்து இணைந்தால்தான் காளான் விடும் நிலைக்கு வரும். எனவே வித்துகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தகுதியைச் சொல்வது, பூத்த பூவை எண்ணி விளைச்சலைச் சொல்வதற்குச் சமம்.

ஆய்வகத்தின் அளவுகோல்கள்

ஆன் பிரிங்கிளும் ஜான் டெய்லரும் 2002இல் இழைப்பூஞ்சைகளின் தகுதி பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறையில் பலரும் திரும்பிப் பார்க்கும் ஒன்று. பூஞ்சைகளுக்குப் பொதுவான ஒரே அளவுகோல் கிடையாது, இனத்தின் வாழ்க்கை முறைக்கும் ஆய்வின் கேள்விக்கும் ஏற்ப அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இந்தத் துறை கற்றுக்கொண்ட பாடம். ஆய்வகங்களில் வழங்கும் அளவுகோல்களை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, படரும் வேகம். உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் சேர்த்த அகார் தட்டின் நடுவில் ஒரு துண்டுப் பூஞ்சையை வைத்து, நாள்தோறும் விட்டத்தை அளப்பார்கள். ரயன், பீடில், டேட்டம் மூவரும் 1943இல் நியூரோஸ்போரா பூஞ்சைக்காக நீண்ட கண்ணாடிக் குழாய் முறையை விவரித்தார்கள். குழாயின் ஒரு முனையில் பூஞ்சையை வைத்துவிட்டு, முன்னேறும் விளிம்பை வெளியிலிருந்தே குறித்துக்கொண்டே போகலாம். முறை மலிவானது, துல்லியமானது. ஆனால் பாக்டீரியா இரண்டு நான்காகி, நான்கு எட்டாகிப் பெருகுகிறது. பூஞ்சையின் ஆரமோ நாளுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று சீராக நீள்கிறது. ஒரு வகை மற்றதைவிட 10 விழுக்காடு வேகமாகப் படர்ந்தால், பிடிக்கும் பரப்பு 21 விழுக்காடு கூடும். ஆரத்தைச் சொல்கிறோமா பரப்பைச் சொல்கிறோமா என்பதைப் பொறுத்தே ‘தகுதி’ மாறிவிடும்.

இரண்டாவது, வித்துகளின் எண்ணிக்கை. தட்டைக் கழுவி, அந்த நீரில் ஒரு துளியை இரத்த அணுக்களை எண்ணுவதற்கான கண்ணாடிச் சில்லில் விட்டு, நுண்ணோக்கியில் கட்டம் கட்டமாக எண்ணுவார்கள். எண்ணிய வித்துகளில் எத்தனை முளைக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்ப்பவர்தான் சரியாகப் பார்க்கிறார்.

மூன்றாவது, உணவை உடலாக்கும் திறன். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு இதன் இயல்பான வடிவம் எடையிழப்புச் சோதனை. உலர்த்தி எடை போட்ட மரத்துண்டில் பூஞ்சையை வளர்த்து, சில மாதங்களுக்குப் பின் மறுபடி உலர்த்தி எடை போட்டால், எவ்வளவு மரத்தை அது தின்றது என்று தெரிந்துவிடும். மரத்துக்குக் கடினம் தருவது லிக்னின். அதை உடைக்கும் ஆற்றல் உலகில் மிகச் சில உயிர்களுக்கே உண்டு. கானோடெர்மா அவற்றில் ஒன்று.

நான்காவது, நேரடிப் போட்டி. இரண்டு வகைகளைக் கலந்து வளர்த்து, தொடக்க விகிதத்தையும் இறுதி விகிதத்தையும் ஒப்பிடுவது. ஓர் உதாரணம்: ஒன்றுக்கு ஒன்றாகத் தொடங்கிய கலவை 10 நாளில் நான்குக்கு ஒன்று என்று ஆகிறது. நான்கின் இயல்மடக்கை 1.386. அதைப் பத்தால் வகுத்தால் நாளுக்கு ஏறத்தாழ 0.139 என்பது வென்ற வகையின் முன்னிலை. தலைமுறையை எண்ண முடியாத இடத்தில் நாளைக் கொண்டு அளக்கிறோம். நான்கிலும் தகுதியின் உண்மையான பொருளுக்கு மிக அருகில் நிற்பது இதுதான். ஆனால் இரண்டு வகையையும் அடையாளம் பிரிக்க நிறமோ மரபணுக் குறியோ வேண்டும், இழைகள் தம்முள் இணைந்துவிடாமலும் இருக்க வேண்டும்.

இந்த நான்கும் ஒத்துப்போகும் என்ற உத்தரவாதம் இல்லை. வேகமாகப் படரும் வகை குறைவாக வித்து விடலாம். நிறைய வித்து விடுவது மரத்தை மெதுவாகத் தின்னலாம். ஓர் எண்ணை மட்டும் அளந்து ‘இது தகுதி மிக்கது’ என்று எழுதும் ஆய்வு, மற்ற மூன்றையும் அளக்காமலே தீர்ப்புச் சொல்கிறது.

தட்டு தனக்கேற்ற பூஞ்சையை வளர்க்கிறது

தட்டு வெறும் அளவுகோல் மட்டுமல்ல, அதுவும் ஒரு வாழ்விடம். அங்கேயும் இயற்கைத் தேர்வு நடக்கிறது.

நோய்க்கிருமிகளைக் கையாளும் ஒவ்வோர் ஆய்வகத்துக்கும் இந்த அனுபவம் உண்டு. மரத்திலிருந்து எடுத்த பூஞ்சையைத் தட்டுக்குத் தட்டு மாற்றி மாதக்கணக்கில் வளர்த்தால், அது தட்டில் நன்றாகவே வளரும், ஆனால் செடியைத் தாக்கும் ஆற்றல் குறைந்துவிடும். சோம்பலால் இப்படி ஆவதில்லை. இனிப்பான அகாரில் லிக்னினை உடைக்கும் நொதிகள் தேவையில்லை. அவற்றைத் தயாரிக்கச் செலவிடாத இழை முந்துகிறது. விளிம்பில் முந்திய துண்டைத்தான் நாமும் அடுத்த தட்டுக்கு எடுக்கிறோம். தட்டில் தகுதி ஏறுவதும் தோட்டத்தில் தகுதி இறங்குவதும் ஒரே செயலின் இரு முகங்கள்.

நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை முறையான சோதனைகளாக்கினார்கள். அஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் பூஞ்சையில், ஃப்ளூடையாக்சோனில் என்ற பூஞ்சைக்கொல்லியை எதிர்க்கும் வகை, மருந்து இல்லாத தட்டில் மெதுவாகத்தான் வளர்ந்தது. எதிர்ப்புக்கு அது கொடுக்கும் விலை அது. ஆனால் தொடர்ந்து வளர்த்தபோது, கூட்டத்தின் விளிம்பில் சில பகுதிகள் விசிறிபோல் முந்திக்கொண்டு வந்தன. எதிர்ப்பின் இழப்பைப் புதிய மரபணு மாற்றங்கள் ஈடுகட்டின. ஷோஸ்ட்ராவும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட இந்த முடிவு தோட்டக்காரர்களுக்கும் பாடம். மருந்தை நிறுத்தினால் எதிர்ப்பு தானாக மறைந்துவிடும் என்று எப்போதும் நம்ப முடியாது. மலேசியாவில் நோயுற்ற செம்பனையின் ஆயுளை நீட்டிக்க ஹெக்சகோனசோல் மருந்தைத் தண்டில் ஊசிவழி செலுத்தும் முறை உண்டு. அந்த மருந்துக் குடும்பத்தை எதிர்க்கும் அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் இன்று மருத்துவமனைகளின் கவலை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் அது மிக முக்கியமான பிரிவில் இருக்கிறது.

அதே பல்கலைக்கழகத்தின் மற்றொரு சோதனை 2016இல் வெளியானது. நியூரோஸ்போராவின் வித்துகளைக் கூட்டமாகக் கலந்து கலந்து வளர்த்தார்கள். இழைகள் இணைந்து உணவைப் பகிர்ந்துகொண்ட அந்தச் சூழலில் சில வகைகள் ஏமாற்றுக்காரர்களாக மாறின. பொது இழைவலையை வளர்ப்பதில் குறைவாகப் பங்களித்துவிட்டு, வித்து விடுவதில் அதிகப் பங்கை எடுத்துக்கொண்டன. கலவையில் அவை வென்றன, தனியே வளர்த்தால் தோற்றன. முழுக் கூட்டத்தின் விளைச்சலும் சரிந்தது. தகுதி பூஞ்சைக்குள் மட்டும் உறையும் பண்பல்ல, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ரப்பர் கட்டையில் ஒரு சோதனை

தட்டின் குறையை மலேசிய ஆய்வாளர்கள் முன்பே உணர்ந்தவர்கள். கானோடெர்மாவைப் பிரித்தெடுக்க உதவும் தனி ஊடகத்தை அவர்கள் 1990களின் தொடக்கத்திலேயே உருவாக்கினார்கள். நோய்த்தாக்கத்தை அளக்க அவர்கள் தேர்ந்தெடுத்த பொருள் தோட்டத்து மக்களுக்கு நன்கு தெரிந்தது: ரப்பர் மரக்கட்டை. கனசதுரமாக அறுத்த கட்டைகளை நீராவியில் கிருமி நீக்கி, கானோடெர்மாவை அதில் ஏற்றி, கட்டை முழுவதும் வெள்ளை இழை போர்த்தும்வரை வளர்ப்பார்கள். பிறகு அந்தக் கட்டையைச் செம்பனை நாற்றின் வேரோடு ஒட்டிப் பையில் புதைத்து, மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். மஞ்சளித்த இலை, காய்ந்த இலை, அடியில் முளைத்த காளான், வெட்டிப் பார்த்தால் தெரியும் அழுகல் என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் இட்டு நோய்த்தீவிரக் குறியீடு கணக்கிடுவார்கள். இந்த நாட்டுக்குப் பல்லாண்டு சோறு போட்ட பால்மரம், அடுத்து வந்த பயிரின் எதிரியை அளக்கும் கருவியாகத் தொடர்கிறது.

இந்தச் சோதனை பெரும்பாலும் நாற்றின் எதிர்ப்புத் திறனை அறியவே பயன்படுகிறது. அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் அது பூஞ்சையின் தகுதியை அளக்கும் அருமையான களம். ஒரே ரக நாற்றுக்கு எதிரே பல தோட்டங்களின் பூஞ்சைகளை நிறுத்தலாம். மரத்தைத் தின்னும் திறன், வேரைத் தாண்டும் திறன், காளான் விடும் திறன் மூன்றும் ஒரே பையில் தெரிந்துவிடும். கட்டையின் அளவைக் கூட்டினால் தாக்குதலும் வலுக்கிறது என்பதும் இங்கே தெரிந்த செய்தி. இதன் பொருளைக் கேம்பிரிட்ஜின் எஸ்.டி. காரெட் 1956இல் எழுதிய நூலில் முன்பே விளக்கிவிட்டார். வேரைத் தாக்கும் பூஞ்சையின் ஆற்றல் அதன் இழையில் மட்டும் இல்லை, முதுகுக்குப் பின்னால் அதற்குள்ள உணவுக் கையிருப்பில் இருக்கிறது என்றார். செத்த பொருளைக் கைப்பற்றுவதில் மண்ணின் மற்ற உயிர்களோடு ஒரு பூஞ்சை எவ்வளவு போட்டியிடும் என்பதை அளக்க அவர் வகுத்த முறை, பரிணாமத் தகுதி என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே அதைத் தொட்டது. அதே காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வகத்தில் டி.எஸ். சதாசிவனும் அவர் மாணவர்களும் பருத்தி வாடலை உண்டாக்கும் ஃபியூசேரியத்தை மண்ணின் சூழலுக்குள் வைத்தே ஆராய்ந்தார்கள்.

தமிழ்நாட்டில் இதே பூஞ்சைக் குடும்பம் தென்னையைக் கொல்கிறது. 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சை மாவட்டத் தோப்புகளில் கவனத்துக்கு வந்ததால் அதற்குத் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயர். அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடியும், பின்பு காளான் விடும். வேப்பம் பிண்ணாக்கு இடுவது, டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைத் தொழுவுரத்தோடு சேர்ப்பது, வாழையை ஊடுபயிராக நடுவது ஆகியவை அங்குள்ள பரிந்துரைகள். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: கானோடெர்மாவுக்கு மண்ணில் போட்டியை உண்டாக்கி, அதன் ஒப்பீட்டுத் தகுதியைக் குறைப்பது. தட்டில் டிரைக்கோடெர்மா எத்தனை விழுக்காடு வளர்ச்சியைத் தடுத்தது என்று ஆண்டுதோறும் ஆய்வுகள் வருகின்றன. தட்டில் தடுத்தது தோட்டத்தில் தடுக்காமல் போவதற்கான காரணத்தை மேலே பார்த்தோம். தட்டில் கானோடெர்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு முழு அடிக்கட்டை இல்லை.

யார் தேர்ந்தெடுத்தது?

இப்போது யோங் பெங் வரிசைக்குத் திரும்புவோம். செம்பனையின் பொருளாதார ஆயுள் சுமார் 25 ஆண்டு. அதன்பின் மரத்தைச் சாய்த்து, அடுத்த நடவு. சாய்த்த மரத்தின் அடிக்கட்டையும் வேர்த்தொகுதியும் மண்ணிலேயே நின்றால், கானோடெர்மாவுக்கு அதைவிடப் பெரிய கட்டையை எந்த ஆய்வகமும் தர முடியாது. அதன் அருகிலேயே இளம் வேர்கள் வருகின்றன. எனவே இந்தப் பூஞ்சையின் தோட்டத் தகுதியைச் சொல்லும் உண்மையான எண் ஒன்றே: ஒரு நோயுற்ற அடிக்கட்டையிலிருந்து அடுத்த நடவில் எத்தனை மரங்கள் நோய் பெறுகின்றன? அந்த எண் ஒன்றுக்கு மேல் இருந்தால் பூஞ்சை ஒவ்வொரு நடவிலும் பெருகும். ஒன்றுக்குக் கீழே இறங்கினால் தேயும்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இங்கே என் பதில் இருக்கிறது. பூஞ்சை மாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம். வாழ்விடம் மாறியது என்பதில் ஐயமே இல்லை, மாற்றியவர்கள் நாம். மரபு நெருங்கிய மரங்களை மைல் கணக்கில் நட்டோம், பழைய கட்டைகளை உணவாக விட்டோம், அதே நிலத்தில் திரும்பத் திரும்ப அதே பயிரை வைத்தோம். படரும் வேகத்தை அளந்து கொண்டிருக்கும் ஆய்வு இந்த மாற்றத்தைக் காணாது. கட்டையின் அளவையும் போட்டியையும் நடவுச் சுழற்சியையும் சேர்த்து அளக்கும் ஆய்வே காணும்.

குளுவாங்கிலேயே மலேசியச் செம்பனை வாரியத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. சுற்றிலும் இரண்டாம் மூன்றாம் நடவுத் தோட்டங்கள் இருக்கின்றன. இந்த வட்டாரப் பூஞ்சைகளைப் புதிதாகப் பிரித்தெடுத்து, தட்டில் பழக்காமல், கட்டையிலும் நாற்றிலும் எதிரெதிரே நிறுத்தி அளக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பள்ளி, கல்லூரிகளில் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகள் இதைத் தங்கள் ஆய்வுப் பொருளாக எடுக்க வேண்டும். அவர்களின் பெற்றோரும் தாத்தா பாட்டியும் உழைத்த மண்ணின் கேள்வி இது.

சிறுதோட்டக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மறுநடவின்போது நோயுற்ற மரத்தின் அடிக்கட்டையை வேர்த்தொகுதியோடு தோண்டி எடுங்கள். சிறு துண்டுகளாகச் சிதைத்து மெல்லியதாகப் பரப்புங்கள். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிடும். செலவு பிடிக்கும் வேலைதான். ஆனால் அடுத்த 25 ஆண்டுக்கு அந்தப் பூஞ்சையின் தகுதி என்ன என்பது அந்த மறுநடவு நாட்களில் உங்கள் கையால் முடிவாகிறது.